கிளாம்பாக்கம் ரயில் நிலையம்: ஒரு பிளாட்பாரம் கட்ட ஏன் இவ்வளவு நாள்?

குரோம்பேட்டை_வாசி கேட்டது:

சென்னையின் தெற்கு ஓரத்தில், தென் மாவட்டப் பஸ்கள் கிளம்புகிற கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தது. இதை எழுதும் 2025 நடுவில் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது, ரயில் நிலையம் இன்னும் திறக்கவில்லை. யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை, நிஜமாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

போன மாதம் அம்மாவை விழுப்புரம் பஸ் ஏற்றிவிடப் போனேன். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினோம். வண்டலூரில் இறங்குவதா ஊரப்பாக்கத்தில் இறங்குவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஊரப்பாக்கம் என்றால் ஆட்டோ சுலபமாகக் கிடைக்கும் என்றார். சரி என்று உட்கார்ந்துவிட்டோம். வண்டலூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் சிமென்ட் வேலை, கம்பி, ஜல்லிக் குவியல் எல்லாம் வந்தது. "இதுதாங்க கிளாம்பாக்கம் ஸ்டேஷன்" என்று அவரே காட்டினார். அம்மா உடனே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். "வண்டி இங்கே நிற்காதும்மா" என்று சொன்னதும் மறுபடி உட்கார்ந்தார், ஆனால் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. ஊரப்பாக்கத்தில் இறங்கி, படி ஏறி இறங்கி, ஆட்டோ பிடித்து, வந்த வழியிலேயே திரும்பிப் போய் முனையத்துக்குள் நுழையும்போது நாங்கள் நினைத்திருந்த பஸ் போய்விட்டது. அம்மாவுக்கு முட்டி வலி, வயது 68.

என் கேள்வி இரண்டு. தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது, மேலே மின்கம்பி இருக்கிறது, வண்டியும் ஓடுகிறது. பக்கத்தில் பிளாட்பாரம் கட்டிக் கூரை போடுவதற்கு ஏன் இவ்வளவு காலம்? அடுத்தது, நிலையம் திறந்த பிறகு அம்மா மாதிரி ஒருவர் ரயிலில் இருந்து இறங்கி பஸ்ஸில் ஏறும்வரை எப்படிப் போவார்? அதை யாராவது யோசித்து வரைந்திருக்கிறார்களா?

---

பாதைப்பணி_ஓய்வு:

தம்பி, ரயில்வேயில் சிவில் பக்கம் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிளாம்பாக்கம் வேலையில் எனக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் இந்த மாதிரி வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெறும் நிலத்தில் ஸ்டேஷன் கட்டுவது வேறு, வண்டி ஓடுகிற பாதையில் கட்டுவது வேறு. தண்டவாளத்தை விட்டுத் தள்ளி இருக்கிற வேலையைப் பகலில் செய்துகொள்ளலாம். ஒட்டியோ மேலேயோ போகிற எந்த வேலைக்கும் பிளாக் வாங்க வேண்டும், அதாவது இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இந்த லைனில் வண்டி வராது என்று எழுத்தில் வாங்க வேண்டும். கடைசி யூனிட் வண்டி, அதாவது உள்ளூர் மின்சார ரயில், போன பிறகு ராத்திரி முழுக்க நமக்குத்தானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் இந்தப் பாதைதான் தென் மாவட்டங்களுக்கு முக்கிய வாசல். ராத்திரி போகிற எக்ஸ்பிரஸ் உண்டு, மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து விடியற்காலை வந்து சேருகிற வண்டிகள் உண்டு, நடுவில் சரக்கு வண்டியும் உண்டு. மூன்று மணி நேரம் கேட்டால் இரண்டு கிடைக்கும். ஏதாவது ஒரு வண்டி தாமதமாகிவிட்டால் அதுவும் கிடைக்காது, மொத்த ஆட்களும் டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கிடைத்த இரண்டு மணி நேரமும் வேலைக்கு வராது. மேலே இருப்பது 25,000 வோல்ட். மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியதை உறுதி செய்து, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியில் எர்த் ராடு (மிச்ச மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குகிற கம்பி) மாட்டி, அதற்கான சீட்டு கைக்கு வந்த பிறகுதான் ஒருவன் மேலே ஏறலாம். முடிக்கும்போது அதே வரிசையைத் திருப்பிச் செய்ய வேண்டும், ஆள், கயிறு, கடப்பாறை எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கையில் சிமென்டோடு நிற்கிற நேரம் ஒரு மணி சொச்சம்தான்.

பிளாட்பாரம் என்றால் ஒரு திண்ணை மாதிரி என்று நினைக்காதீர்கள். 12 பெட்டி யூனிட் வண்டி 250 மீட்டருக்கும் மேல் நீளம். அவ்வளவு நீளத்துக்கும் அதன் விளிம்பு தண்டவாளத்தின் நடுக்கோட்டிலிருந்து 1670 மில்லிமீட்டருக்கும் 1680 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். உயரம் தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 760லிருந்து 840 மில்லிமீட்டருக்குள். அகலத்தில் விட்டுக்கொடுப்பது ஒரே ஒரு சென்டிமீட்டர், பாருங்கள். ஒரு ஸ்டேஷனில் ராத்திரி இரண்டு மணிக்கு நானும் பாதை பராமரிக்கிற ஒரு கேங்க்மேனும் கேஜ் கட்டை என்கிற அளவுகோலைத் தண்டவாளத்தில் வைத்து மீட்டர் மீட்டராக அளந்துகொண்டு போனோம். ஓர் இடத்தில் விளிம்புக் கல் இரண்டு விரல் அளவு வெளியே வந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கல்லை உளியால் கொத்தி எடுத்துவிட்டுத்தான் பாதையை விட்டோம். விட்டிருந்தால் காலையில் முதல் வண்டியின் படிக்கட்டு அதில் உரசியிருக்கும்.

அப்புறம் மண்ணுக்குள் இருப்பது. பாதை ஓரமாகவே சிக்னல் கேபிள், டெலிகாம் கேபிள் எல்லாம் போகும். ஜே.சி.பி. ஒருமுறை தவறாகக் கை வைத்தால் சிக்னல் எல்லாம் சிவப்பாகி, பின்னால் வரும் வண்டிகள் வரிசையாக நிற்கும். அதனால் சிக்னல்காரர் வந்து நின்று, எங்கே கேபிள் போகிறது என்று சுண்ணாம்பு போட்டுக் காட்டிய பிறகுதான் தோண்டலாம். அவர் வராத நாள் வேலை இல்லாத நாள். பிளாட்பாரம் வரவேண்டிய இடத்தில் மின்கம்பமோ சிக்னல் கம்பமோ நின்றால் அதை முதலில் நகர்த்தியாக வேண்டும், அது தனி டிபார்ட்மென்ட், தனி வரைபடம், தனி பிளாக். எல்லாம் முடிந்த பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதி. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். கட்டியவரே "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது ரயில்வே தானாக எடுத்த வேலை கிடையாது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கேட்டு, 20 கோடி ரூபாய் கட்டி, ரயில்வே செய்துகொடுக்கிற டெபாசிட் வேலை. இந்த மாதிரி வேலையில் ஒரு படிக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்றால்கூட இரண்டு தரப்பும் கடிதம் போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி. அதைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும், அப்புறம் வருகிறேன்.

---

மறைமலைநகர்_டெய்லி:

தினமும் மறைமலைநகரிலிருந்து கிண்டி போய்வருகிறேன், பதினோரு வருஷமாக. எல்லோரும் ஸ்டேஷன் எப்போது திறக்கும் என்று கேட்கிறார்கள், திறந்தால் எத்தனை வண்டி நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வருகிற வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு முடிந்துவிடுகின்றன. தாம்பரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போவது குறைவு. கிளாம்பாக்கம் இருப்பது தாம்பரத்துக்கு அந்தப் பக்கம். அதாவது குரோம்பேட்டைக்காரர் இப்போது கண்ணில் படுகிற முதல் வண்டியில் ஏறிக் கிளாம்பாக்கம் போய்விட முடியாது, செங்கல்பட்டு போர்டு போட்ட வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும்.

அந்த வண்டிகளில் ஏற்கெனவே என்ன கூட்டம் என்று எங்களுக்குத் தெரியும். தீபாவளி, பொங்கல், தொடர் விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகிறவர்களும் அதே வண்டியில் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். யூனிட் வண்டியில் சாமான் வைக்க மேலே ஒரு கம்பித் தட்டுதான் இருக்கிறது. டிராலி பெட்டி எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். இறங்குகிறவர் இறங்க முடியாது, ஏறுகிறவர் ஏற முடியாது, அரை நிமிஷம் நிற்க வேண்டிய வண்டி இரண்டு நிமிஷம் நிற்கும், பின்னால் வருகிற வண்டியும் தாமதமாகும்.

ஸ்டேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும், எங்கள் வீட்டிலும் ஊருக்குப் போக அங்கேதான் போகிறோம். ஆனால் தாம்பரத்தோடு நிற்கிற வண்டிகளில் கொஞ்சத்தையாவது கூடுவாஞ்சேரி வரைக்கும் நீட்டவேண்டும். முக்கியமாக ராத்திரி 8லிருந்து 11 வரை, விடியற்காலை 4லிருந்து 6 வரை. வெளியூர் பஸ் கிளம்புகிற நேரமும் வந்து சேருகிற நேரமும் அதுதானே. இதைக் கட்டடம் முடிந்த பிறகு பேசினால் அடுத்த கால அட்டவணை வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

---

வேளச்சேரி_லைன்:

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஏனென்றால் பறக்கும் ரயிலோடு சேர்ந்து வளர்ந்தவன் நான். அது 1995இல் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்து, 2007இல் வேளச்சேரி வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனும் கோட்டை மாதிரி இருக்கும். அவ்வளவு பெரிய கட்டடம், உள்ளே நுழைந்தால் ஆள் இல்லாத இருட்டுக் கூடம், அதைக் கடந்து, படி ஏறி, திரும்பி, இன்னொரு படி ஏறினால்தான் பிளாட்பாரம். வெளியே வந்தால் பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்கச் சரியான பாதை இருக்காது. ரயில் நன்றாகத்தான் ஓடியது, ரயிலுக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த அந்த 200, 300 மீட்டரைத்தான் யாரும் யோசிக்கவில்லை. திருமயிலை ஸ்டேஷனில் என் அத்தை ஒருமுறை சாயங்காலம் தனியாக நடந்து வந்துவிட்டு, அதற்குப் பிறகு 21ஆம் நம்பர் பஸ்ஸே போதும் என்று சொல்லிவிட்டார்.

கிளாம்பாக்கத்தில் அதே 300 மீட்டர், 400 மீட்டர் கதைதான். பிளாட்பாரம் சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம், பஸ் முனையம் இன்னொரு பக்கம். நடுவில் ஓடுவது சாதாரண ரோடா? இரண்டையும் இணைக்க ஒரு நடைமேம்பாலம் திட்டத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம், நகரும் நடைபாதையோடு. அது பாதி வழியில் தனியார் நிலத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது. நிலம் என்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் லைனைப் பாருங்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர், 2008இல் வேலை ஆரம்பித்தது. ஆதம்பாக்கத்தில் ஏறக்குறைய 500 மீட்டர் நிலத்துக்காகப் பல வருஷம் அப்படியே நின்றது. தூண்கள் எல்லாம் வந்து நின்றன, நடுவில் மட்டும் இடைவெளி. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே ஆபீஸ் போனேன்.

அதனால் நான் கேட்பது இதுதான். ஸ்டேஷன் முதலில் தயாராகி மேம்பாலம் பின்னால் வருமானால், நடுவில் இருக்கிற அந்த மாதங்களில் ஜனங்கள் ரோட்டை எப்படிக் கடப்பார்கள்? ஆயிரக்கணக்கான பேர், கையில் பெட்டி, இடுப்பில் குழந்தை, ராத்திரி பத்து மணி. தடுப்புச் சுவரில் ஒரு இடைவெளி கிடைத்தால் அதில் நுழைந்து போய்விடுவார்கள், தடுக்க முடியாது. சிக்னல் வைத்து, போலீஸ் நிறுத்தி, தற்காலிகமாக ஒரு வழியாவது ஸ்டேஷன் திறக்கும் அன்றைக்கே இருக்க வேண்டும்.

---

ஊரப்பாக்கம்_மழைநீர்:

யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லையே. நான் ஊரப்பாக்கத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே தூக்கம் போய்விடும். மழைத் தண்ணீர் பாதைக்கு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போவது ரயில் பாதைக்கு அடியில் இருக்கிற சிறு பாலங்கள் வழியாகத்தான். அவற்றில் சில செங்கல் வளைவு போட்ட பழைய காலத்தவை. புதிதாகப் பிளாட்பாரம் கட்டினால் 250 மீட்டருக்கு மேல் நீளமான ஒரு சுவர் எழுந்த மாதிரி. சிறு பாலத்தைப் பிளாட்பாரத்தைத் தாண்டியும் நீட்டிக் கட்டி, அது கொண்டுவிடுகிற தண்ணீர் போக ரோட்டோரக் கால்வாயும் இருந்தால் பிரச்சினை இல்லை. நீட்டாமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கள் தெருவுக்குத்தான் வரும்.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வேறு ஒரு கட்டடத்துக்காக மண் கொட்டி மேடாக்கினார்கள். அந்த வருஷ மழையில் முதல் முறையாக எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அரிசி டிரம்மைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். பாதைப்பணி ஐயா, ஸ்டேஷன் வரைபடத்தில் வடிகாலைப் பார்க்கிறவர் யார்? கேட்டால் யாராவது காட்டுவார்களா?

---

பாதைப்பணி_ஓய்வு:

ஊரப்பாக்கம் அம்மாவோ ஐயாவோ, நீங்கள் கேட்டது மிகச் சரி. அந்த ஊர் செங்கல் வளைவுகளை எல்லாம் நான் இறங்கிப் பார்த்ததில்லை, ஆனால் முறை இதுதான்: பிளாட்பாரம் வருகிற இடத்தில் சிறு பாலம் இருந்தால் அதை நீட்ட வேண்டும், அது பொது அமைப்பு வரைபடத்திலேயே தெரியும். பிளாட்பாரத்தின் மேல்தளச் சரிவும் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கிப் பாதையைக் கெடுக்கும். அப்படிப் பின்பக்கம் வருகிற தண்ணீர் எந்தக் கால்வாயில் போய்ச் சேருகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ரயில்வே எல்லைச் சுவர்வரைக்கும் ரயில்வே பார்க்கும். அதற்கு அந்தப் பக்கம் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தின் நகலும் கேட்கலாம்.

குரோம்பேட்டை தம்பி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். தண்டவாளத்துக்கு மேலே போகிற நடைமேம்பாலம் ஆறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தாக வேண்டும், கீழே மின்கம்பி இருக்கிறதே. பிளாட்பாரம் உயரத்தைக் கழித்து, ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 40 படி. உங்கள் அம்மாவால் முடியாது. சாய்தளம் போடலாமே என்பீர்கள். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு, ஆறு மீட்டர் ஏற 70 மீட்டருக்கு மேல், நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு. பையோடு அதை யாரும் ஏறமாட்டார்கள். அதனால் லிஃப்ட் இல்லாமல் இந்த ஸ்டேஷன் அவருக்கு ஸ்டேஷனே கிடையாது. லிஃப்ட் இருந்தால் மட்டும் போதாது, பவர் போனால் ஓட ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும், ராத்திரி 11 மணிக்கும் இயக்க ஆள் வேண்டும். நல்ல லிஃப்ட்டைப் பூட்டி வைத்திருக்கிற ஸ்டேஷன்களைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன்.

இன்னொன்று, படி பிளாட்பாரத்தின் எந்த இடத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு கோடியில் இறங்கினால் மொத்தக் கூட்டமும் வண்டியின் ஒரு முனையில் ஏறும். கடைசிப் பெட்டியில் வந்தவர் 250 மீட்டர் நடந்துதான் வெளியே போக முடியும், அதற்குப் பிறகு அந்த 400 மீட்டர் மேம்பாலம். நடுப் பிளாட்பாரத்துக்குக் கொண்டுவந்தால் பாதி மிச்சம். வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துகிற விஷயம்தான், ஆனால் அஸ்திவாரம் தோண்டிய பிறகு நகர்த்த முடியாது. எங்கள் காலத்தில் ஒரு ஸ்டேஷனில் இடம் இருக்கிற பக்கமாகப் பார்த்துப் படியைப் போட்டோம். பஸ் நின்றது அதற்கு எதிர்க்கோடியில். ஜனங்கள் பிளாட்பாரத்தின் சரிவான முனையில் இறங்கித் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தே போனார்கள், நாங்கள் வேலி போட்டோம், வேலியை வெட்டினார்கள், மறுபடி போட்டோம். அதில் ஒரு பையன் அடிபட்டான். கணக்குப் பார்த்தால் அந்த வரைபடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அது நினைவில் இருக்கிறது.

---

குரோம்பேட்டை_வாசி:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. பிளாக், எர்த் ராடு பற்றி எல்லாம் எனக்கு ஒன்றுமே தெரியாது, இனிமேல் ராத்திரி ரயிலில் போகும்போது பாதையோரம் டார்ச்சோடு நிற்பவர்களைப் பார்த்தால் வேறு மாதிரி பார்ப்பேன்.

மறைமலைநகர், வேளச்சேரி, ஊரப்பாக்கம், நீங்கள் மூன்று பேரும் சொன்னதைச் சேர்த்து ஒரே மனுவாக எழுதுகிறேன். லிஃப்ட் எத்தனை, எந்த நேரம் வரை ஓடும். மேம்பாலம் முடியும்வரை ரோட்டைக் கடக்கத் தற்காலிக வழி என்ன. ராத்திரியிலும் விடியற்காலையிலும் எந்தெந்த வண்டி நிற்கும். சிறு பாலம் நீட்டப்பட்டதா, தண்ணீர் எங்கே போகிறது. இந்த நான்கும் போதுமா?

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முனையத்தின் முன்வாசலில் இருந்து விழுப்புரம் பஸ் நிற்கும் இடம் வரை பையோடு நடந்து எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்கப் போகிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறார், அவர் நடையில் எவ்வளவு ஆகும் என்று பார்த்தால்தானே சரியான கணக்கு. யாராவது வருகிறீர்களா?

---

ஊரப்பாக்கம்_மழைநீர்:

நான் வருகிறேன். ஐயா என்று கூப்பிட வேண்டாம், அம்மாதான். ஊரப்பாக்கத்தில் இறங்கினால் ஆட்டோ பிடிக்காதீர்கள், எங்கள் வீட்டு வண்டி இருக்கிறது, உங்கள் அம்மாவை ஸ்டேஷன் வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறேன்.

---

பாதைப்பணி_ஓய்வு:

நான்கோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அந்த லிஃப்ட்டுக்குள் ஒரு ஸ்ட்ரெச்சர் நீளவாக்கில் நுழையுமா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், டேப் கொண்டுவருகிறேன்.